சென்னையில் ஆபீஸா, அவரவர் வீடா, தருமபுரியில் ஓர் அறையா?

ஆறு பேராக இருந்தவரை எங்களுக்கு ஆபீஸ் பற்றிய கவலையே இல்லை. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலப் படிப்பு மையம் நடத்துகிறோம். கணக்கு பார்ப்பவர் சென்னையில் அவர் வீட்டில், ரிப்போர்ட் எழுதும் நான் என் வீட்டில், மற்ற நாலு பேர் ஊர் ஊராக. இப்போது பதினாறு பேர் ஆகிவிட்டோம். "சென்னையில ஒரு ஆபீஸ் எடுத்தே ஆகணும்" என்று ஒரு பக்கம், "அந்த வாடகைக்கு இன்னும் ரெண்டு மையம் திறக்கலாமே" என்று இன்னொரு பக்கம்.

பணத்தை மட்டும் பார்த்தால் வீடுதான் ஜெயிக்கும். சென்னையில் இன்னமும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்துக்கும் டீச்சர் சம்பளத்துக்கும் மனசாரக் கொடுக்கும் டோனர், வாடகை என்றதும் யோசிப்பார். வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளுக்கு இது இன்னும் இறுக்கம். 2020ல் சட்டத்தைத் திருத்தி, அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள், வாடகை, கரன்ட் பில், போன் பில் எல்லாம் அந்த இருபதுக்குள்தான் வரவேண்டும்.

ஆனால் வீட்டிலிருந்து வேலை என்றால் செலவே இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செலவு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பிராட்பேண்ட், மின்சாரம், முதுகு வலிக்காத ஒரு நாற்காலி, எல்லாம் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. மாதாமாதம் அதற்கென்று ஒரு தொகை கொடுக்காத அமைப்பு, சொல்லாமல் சம்பளத்தைக் குறைக்கிறது என்றுதான் அர்த்தம்.

பெண்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகும் எங்களோடு நிற்கும் இரண்டு பேர், தினமும் ஆபீஸ் வரச் சொல்லியிருந்தால் எப்போதோ வேலையை விட்டிருப்பார்கள். அதே சமயம், "வீட்லதானே இருக்க" என்ற ஒரே வார்த்தையில் விருந்தாளிக்குக் காபி போடுவதிலிருந்து ரேஷன் கடை வரை எல்லாம் அவர்களிடமே வந்து சேர்கிறது. அப்புறம் அந்த ரிப்போர்ட்டை ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து முடிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது புதிதாகச் சேருகிறவர்கள் நிலைமை. டேட்டா என்ட்ரிக்கு வந்த ஒரு பெண், செலவு வவுச்சரில் எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் தவித்திருக்கிறார், திரும்பத் திரும்ப போன் போட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்ற பயம். பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தால் அரை நிமிடத்தில் தீரும். இதைவிடப் பெரியது இன்னொன்று நடந்தது. ஒரு மையத்தில் மூன்று பிள்ளைகள் தொடர்ந்து வரவில்லை. எனக்கு ஷீட்டில் தெரிந்தது "வரவில்லை" என்ற கட்டம் மட்டும்தான். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெரியவள் வீட்டில் நிற்கிறாள் என்பது அங்கிருக்கும் கோ-ஆர்டினேட்டருக்கு முதல் வாரமே தெரியும். ஷீட்டில் அதை எழுத இடமில்லை, வாட்ஸ்அப் குரூப்பில் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. சேர்ந்து டீ குடித்திருந்தால் அன்றைக்கே பேச்சில் வந்திருக்கும், நாங்களும் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு மூன்று வாரம் முன்னாலேயே போயிருப்போம்.

சட்ட விஷயத்தில் ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆபீஸ் இல்லையென்றால் பாலியல் தொல்லைக்கான உள்ளகப் புகார்க் குழு தேவையில்லை என்று நினைக்கிறார்கள். 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தால் அந்தக் குழு வேண்டும், வீடும் பணியிடம் என்ற வரையறைக்குள் வருகிறது. இருபது பேரைத் தொட்டால் பிஎஃப்பும் கட்டவேண்டும். அறக்கட்டளைகளின் கணக்குப் புத்தகங்கள் பதிவு அலுவலகத்தில் இருக்கவேண்டும், வேறு இடத்தில் வைப்பதென்றால் தீர்மானம் போட்டு ஏழு நாளுக்குள் வருமான வரி அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்று 2022ல் சேர்த்த வருமான வரி விதி 17ஏஏ சொன்னது. பாதி வவுச்சர் ஒருவர் வீட்டு அலமாரியிலும் மீதி இன்னொருவர் பையிலும் கிடந்தால் ஆடிட்டரிடம் என்ன சொல்வது? பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் பதினாறு பேருடைய சொந்த போனில் இருப்பதும் சரியில்லை.

ஆகவே என் ஓட்டு சென்னை ஆபீஸுக்கும் இல்லை, எல்லோரும் நிரந்தரமாக வீட்டிலிருப்பதற்கும் இல்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் தூரத்தில் ஒரே ஓர் அறை, பூட்டுப் போட்ட ஒரு பீரோ, ஆறு நாற்காலி. புதிதாகச் சேருகிறவர் முதல் மூன்று மாதம் அங்கேதான் உட்காரவேண்டும். சென்னை, பெங்களூரில் இருப்பவர்கள் மாதம் மூன்று நாள் வரவேண்டும், அதில் ஒரு சாயங்காலமாவது மையத்தில் இருக்கவேண்டும். பஸ் செலவும் தங்கும் செலவும் அமைப்புடையது. சென்னை வாடகையில் மிச்சமாவதை முதலில் இதற்குத்தான் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு பார்ப்பவருக்குப் படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறார், அவரால் மூன்று நாள் வர முடியாது. அவருக்காக வவுச்சரை ஸ்கேன் செய்து அனுப்பும் பொறுப்பை, அன்றைக்குத் தவித்த அதே பெண் கேட்டு வாங்கிக்கொண்டார்.