'48 வோல்ட்' என்பது மாடல் பெயராம்!

ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பது என் பகுதிநேர வேலை. ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. அறை மூலையில் நாலு போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்து வாசிக்கிற ரகம். நல்ல கண்டென்சர் மைக் (வேலை செய்ய வெளியிலிருந்து மின்சாரம் கேட்கிற ரகம்) ஒன்று வைத்திருக்கிறேன். வெளியூர் போனாலும் வேலை நிற்கக் கூடாதே என்று, பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி, ஒன்று தேடினேன். தேடியதில் வந்து சேர்ந்த வினைதான் இந்தப் பதிவு.

விளம்பரத்தில் எல்லாமே கொட்டை எழுத்து: உலோக உடல், உள்ளங்கை அளவு, 48 வோல்ட் பேந்தம் பவர், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். பேந்தம் பவர் என்பது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகிற மின்சாரம். 192 என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்ற கணக்கு. கீழே நட்சத்திரங்களும் ஏராளம். பெட்டியை வாங்கிய பிறகுதான் கருத்துகளை நிதானமாகப் படித்தேன். 'சீக்கிரம் வந்தது', 'பேக்கிங் அருமை', 'பார்க்க அழகு'. இரைச்சலைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதில் யாராவது மைக்கைச் சொருகியாவது பார்த்தார்களா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

முதல் நாள் பதிவிலேயே குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் குமிழை) முழுக்கத் திருப்பினால் குரலோடு சேர்ந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறியது. கொஞ்சம் உரக்க வாசித்தால் கரகரப்பு. விற்றவருக்கு எழுதினேன். டிரைவரை மாற்றிப் போடுங்கள் என்றார். போட்டேன். கேபிளை மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். உங்கள் மைக்கில்தான் கோளாறு என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு மூன்று நாள். பதில் வருகிறதே என்று நானும் பொறுமையாக இருந்தேன். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் ஓடிவிட்டது. அவருக்கு வேண்டியதும் அதுதான் என்று எனக்கு உறைக்கும்போது காலம் கடந்திருந்தது.

மைக்கை நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போய் அவருடைய இன்டர்ஃபேஸில் மாட்டினோம். கணீரென்று கேட்டது. சரி, மைக் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் அவர் மல்டிமீட்டரை எடுத்தார். இதை நீங்களும் பெட்டி வந்த அன்றே செய்துவிடுங்கள். மைக்கை மாட்ட வேண்டாம். கெயினைக் குறைத்துவிட்டு, எக்ஸ்எல்ஆர் கேபிளை (மூன்று பின் உள்ள மைக் கேபிளை) மட்டும் இன்டர்ஃபேஸில் சொருகி, பேந்தம் பொத்தானைப் போடுங்கள். மீட்டரை டிசி வோல்டில் வைத்து, கேபிளின் மறுமுனையில் 1-ஆம் பின்னில் கறுப்பு முனையையும் 2-ஆம் பின்னில் சிவப்பு முனையையும் வையுங்கள். பிறகு சிவப்பை மட்டும் 3-ஆம் பின்னுக்கு மாற்றுங்கள். இரண்டு அளவும் 44-க்கும் 52-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பின்களின் எண் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெட்டி காட்டியது 17 வோல்ட்.

யூஎஸ்பி வழியாக வருவது 5 வோல்ட்தான். அதை 48-க்கு ஏற்ற உள்ளே தனியாக ஒரு மின்சுற்று வேண்டும். மிச்சம் பிடிக்க அதில்தான் கை வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். குறைந்த வோல்டிலும் ஒழுங்காக வேலை செய்கிற கண்டென்சர் மைக்குகள் உண்டு. 48 கேட்கிற மைக்குக்கு 17 கொடுத்தால் ஒரேயடியாக ஊமையாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அரைகுறையாகப் பேசும். அதனால்தான் இந்த மோசடி சட்டென்று பிடிபடுவதில்லை. பழியை மைக்கின் மேல் போடுவதும் சுலபமாகிவிடுகிறது.

மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "48வி என்பது இந்த மாடலின் பெயர். மின்னழுத்தம் பற்றி நாங்கள் உறுதி எதுவும் தரவில்லை." சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பணத்தைக் கேட்டதற்கு, சீல் பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். சீலைப் பிரிக்காமல் எதில் மைக்கைச் சொருகுவதாம்?

கோபத்தில் அந்த 192-ஐயும் சோதித்துப் பார்த்தேன். அந்த அளவில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்தால், 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரியால் வெட்டியது போல வெறுமை. ஒரு பதிவில் அந்தக் கணக்கில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலி இருக்க முடியும். ஆக, 48-இல் எடுத்ததை ஊதிப் பெருக்கி 192 என்று காட்டியிருக்கிறது. சொல்லப்போனால் குரல் பதிவுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸே தாராளம். மனிதக் காதுக்கு எட்டுவதே 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். தேவையே இல்லாத எண்ணுக்கு மயங்கியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவை வேறு. ப்ரீஆம்பின் (பெட்டிக்குள் மைக் ஒலியைப் பெருக்கும் பகுதியின்) கெயின் எத்தனை டெசிபெல்? ஷூர் எஸ்எம்7பி மாதிரி, மெல்லிய சமிக்ஞை தருகிற டைனமிக் மைக் வைத்திருப்பவர்களுக்கு 60 டெசிபெலாவது வேண்டும். உள்ளீட்டு இரைச்சல் அளவு என்ன? ஈஐஎன் என்று போட்டிருப்பார்கள். மைனஸ் 128 டிபியூ (சமிக்ஞை அளவின் அலகு) பக்கத்தில் இருந்தால் நல்ல பெட்டி. ஒழுங்காகச் செய்கிறவர்கள் இந்த எண்களை அவர்களாகவே அச்சிட்டிருப்பார்கள். என்னிடம் விற்றவரிடம் இப்போது இவற்றைக் கேட்டபோது 'ஸ்டுடியோ தரம்' என்று பதில் வந்தது. கேட்டது எண், கிடைத்தது அடைமொழி.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மீட்டர் சோதனையும் அதே வீடியோவில் இருக்கட்டும். குறை இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு டிரைவர், கேபிள் என்று அவர் சொல்வதைக் கேளுங்கள். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

போன வாரம் அதே பெட்டி வேறு ஒரு பிராண்ட் பெயரில் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். நிறமும் மாறியிருக்கிறது. ஆனால் பேந்தம் பொத்தானுக்கு மேலே அச்சிட்டிருக்கும் வார்த்தையில் கடைசி எழுத்து விடுபட்டிருக்கிறது பாருங்கள், அதை மட்டும் திருத்த மறந்துவிட்டார்கள். என் மேசையில் இருப்பதிலும் அதே பிழை.