காரைக்குடியிலிருந்து சென்னைக்கு: இரவு பஸ்ஸா, இரவு ரயிலா, பல்லவனா?

பெண்பிள்ளை தனியாகச் சென்னைக்குப் போகிறாள் என்று பேச்செடுத்தாலே, காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூரில் எங்கள் வீட்டு முகப்பில் ஒரு பஞ்சாயத்து கூடிவிடும். பாட்டையா காலத்தில் இதே தெருப் பையன்கள், மீசை முளைக்கும் முன்பே, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனார்கள். அவர்களை யாரும் இத்தனை கேள்வி கேட்டதாக அப்பத்தா சொல்லி நான் கேட்டதில்லை. நான் போவதோ சுமார் 400 கிலோமீட்டர். அதற்கு ஒரு வாரம் விசாரணை நடந்தது.

விசாரணை முழுவதும் வண்டியைப் பற்றித்தான். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவார்கள், ரயிலில் பூட்டு போட இடம் உண்டா, டிரைவர் தூங்கிவிடுவாரா. சென்னையில் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் காலை வைக்கப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் பதினோரு முறை போய்வந்த பிறகு, கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டணத்தையும் பயண நேரத்தையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மூன்றிலும் ஏறக்குறைய ஏழெட்டு மணி நேரம் ஆகும். பகல் ரயிலான பல்லவனில் இரண்டாம் வகுப்பு இருக்கை மலிவு. தனியார் படுக்கை பஸ் பண்டிகைக் காலத்தில் விழி பிதுங்கவைக்கும். செல்போனில் சார்ஜ் வைத்துக்கொள், வீட்டில் சொல்லிவிட்டுப் போ என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

முதலில் பஸ். ஐந்து முறை இரவு பஸ்ஸில் போயிருக்கிறேன். அதன் வசதியை மறுக்க முடியாது. நினைத்த நாளில் டிக்கெட் கிடைக்கும், இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு ஏறலாம், மறுநாள் வேலையும் கெடாது. முன்பதிவுச் செயலியில் பெண்கள் எடுத்த இருக்கைகள் இளஞ்சிவப்பில் தெரியும்; ஒற்றைப் படுக்கை உள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் பக்கத்தில் யார் என்ற கவலையும் இல்லை. அரசு விரைவுப் பேருந்துகளில் தனியாகப் போகும் பெண்களுக்கென்று சில கீழ்ப்படுக்கைகளை ஒதுக்குகிறார்கள். திரையை இழுத்துவிட்டால் பஸ்ஸுக்குள் பெரிய பயம் ஒன்றும் இல்லை. விக்கிரவாண்டிப் பக்கம் நள்ளிரவு தாண்டி நிறுத்தும் உணவகத்தின் கழிப்பறையைப் பற்றி மட்டும் நான் எழுதப்போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும். அதற்காகவே மாலை ஆறு மணியிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த நாட்கள் உண்டு.

சிக்கல் இறங்கும்போதுதான். கோயம்பேட்டில் இறங்கிய காலத்தில் வாசலிலேயே மெட்ரோ நிலையம் இருந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கே நிற்கின்றன. முனையம் பெரியது, வெளிச்சமானது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது வண்டலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழும்பூருக்கு இன்னும் 30 கிலோமீட்டர் போகவேண்டும். மெட்ரோவோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது.

என் மூன்றாவது பயணத்தில் ஒரு தனியார் பஸ் முனையத்துக்குள்ளேயே போகவில்லை. பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையோரமாக நிறுத்தி, "இறங்கம்மா, இதுதான் கடைசி" என்றார் கிளீனர். நேரம் 3.50. ஐந்து மணிக்குப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தது. சாலை காலி, அதனால் சீக்கிரம் வந்துவிட்டோம் என்று டிரைவருக்குப் பெருமை வேறு. என்னோடு இறங்கிய மூன்று ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இரண்டு ஆட்டோக்காரர்கள் எங்கே போகவேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சற்றுத் தள்ளிப் பால் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே இரண்டு பெண்கள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போய் நின்றேன். ஒன்றும் கேட்காமல் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். கொஞ்சம் வெளுத்த பிறகு பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து மின்சார ரயிலில் மகளிர் பெட்டி ஏறினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவிடம் இதை ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

ஆட்டோவோ மின்சார ரயிலோ பிடித்து விடுதிக்குப் போய்விட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். நான் தங்கும் மகளிர் விடுதியில் வாசல் கதவை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அது பாதுகாப்புக்காக வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் நாலரைக்குப் போய்ச் சேரும் பெண்ணுக்கு அதே கதவின் வெளிப்பக்கம் தெரு. உறவினர் வீடு என்றாலும் அந்த நேரத்தில் அழைப்பு மணி அடிக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. "வந்து அழைத்துப் போகிறேன்" என்று சித்தப்பா சொல்வார். அறுபது வயதில் அவரை மூன்று மணிக்கு எழுப்பி வண்டி ஓட்ட வைப்பதும் நமக்கு நிம்மதி தரும் ஏற்பாடு இல்லை.

அடுத்தது இரவு ரயில். ராமேஸ்வரத்திலிருந்து வரும் ரயில்களில் ஒன்றை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள், இலங்கைக்குக் கப்பல் பிடிக்கப் போன காலத்து நினைப்பில். இரவில் காரைக்குடியில் ஏறினால் காலை ஆறு ஏழு மணி வாக்கில் எழும்பூர் சேர்ந்துவிடலாம். இறங்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால் பஸ்ஸைவிட இது எவ்வளவோ மேல். கழிப்பறை ரயிலிலேயே இருக்கிறது என்பதும் சிறிய விஷயம் இல்லை.

ரயிலில் பெண்ணுக்குச் சட்டத்தின் துணையும் கூடுதலாகவே இருக்கிறது. தூங்கும் வசதிப் பெட்டி உள்ள நெடுந்தூர ரயில்களில் ஆறு படுக்கைகள் மகளிர் ஒதுக்கீடு. முன்பதிவு செய்யும்போது பொது என்பதற்குப் பதில் மகளிர் என்று மாற்றிப் பார்த்தால், காத்திருப்புப் பட்டியல் நீளும் நாளிலும் சில நேரம் இடம் கிடைக்கும். 139 என்ற எண்ணை அழைத்தால் ரயில்வே பாதுகாப்புப் படைக்குத் தகவல் போகும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு, டிக்கெட் இல்லாமல் தனியாக வரும் பெண்ணைக்கூட இரவில் நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிடக் கூடாது என்கிறது. பயணம் தொடங்கும் இடம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் ஆகிய ஸ்டேஷன்களில் மட்டும், அதுவும் பகலில்தான் இறக்கலாம். எண் இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல், ஆனால் மறக்காது.

இருந்தும் எனக்கு அது இரண்டாம் இடம்தான். நான் போன இரண்டு முறையில் ஒரு முறை, திருச்சியில் ஏறிய ஒருவர் என் கீழ்ப்படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கச் சொன்னேன், எழுந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் விழுப்புரம் தாண்டும் வரை கண்ணை மூடவில்லை. மறுமுறை மேல்படுக்கை கிடைத்தது. அங்கே யாரும் உட்கார முடியாது, நன்றாகத் தூங்கினேன். இரண்டு பயணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயம் இல்லை. ஏசி பெட்டியில் நான் போனதும் இல்லை.

இனி பல்லவன். ஒளிப்பானேன், நான் பல்லவன் கட்சி.

விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் காரைக்குடியிலிருந்து புறப்பட்டு நண்பகலை ஒட்டி எழும்பூர் சேரும். இங்கேயே தொடங்கும் ரயில் என்பதால் பிளாட்பாரத்தில் விளக்கெரியக் காத்து நிற்கும். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து, இருக்கை வரை வந்து, பக்கத்தில் யார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவார். புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் கல்லூரிப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று பெட்டி நிறைந்துவிடும். படுக்கை கிடையாது, எல்லோரும் விழித்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே வெயில். அரியலூருக்குள் பக்கத்து இருக்கை அம்மா என் சம்பளத்தையும் கல்யாணத்தையும் விசாரித்து முடித்திருப்பார். எரிச்சல்தான். ஆனால் அவர் இருக்கும்வரை என் பையை விட்டுவிட்டு எழுந்து போகலாம்.

இதெல்லாம் உதிரி. முக்கியமானது தாமதம். பல்லவன் மூன்று மணி நேரம் தாமதமானாலும் பிற்பகல் மூன்றரை ஆகியிருக்கும். அப்போதும் எழும்பூரில் கடை திறந்திருக்கும், மெட்ரோ ஓடும், விடுதிக் கதவு திறந்திருக்கும், தொலைபேசியில் அழைத்தால் எடுக்க ஆள் இருக்கும். இரவு பஸ் தாமதமானால் நல்லது, சீக்கிரம் போனால்தான் ஆபத்து. சீக்கிரம் போய்ச் சேரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஏறும் வண்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எழும்பூரில் இறங்கி மெட்ரோவுக்குள் நுழைந்தால் பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது. ஆட்டோ பேரமே தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். போகும் நாளில் எதுவரை என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பகலில் தாம்பரம் என்பது பெரிய கஷ்டம் இல்லை, மின்சார ரயில் இருக்கிறது.

திரும்பும்போது கணக்கு மாறும். மாலை நாலு மணிக்குச் சற்று முன் சென்னையில் கிளம்பும் பல்லவன் காரைக்குடிக்கு வரும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். அதாவது இருட்டைச் சென்னையிலிருந்து எடுத்து நம் ஊரில் வைத்துக்கொள்கிறோம். இங்கே ஸ்டேஷன் வாசலில் அப்பா நிற்பார். டீக்கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

அப்பா நிற்பார் என்றேன் அல்லவா, என் கணக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. நாலரை மணிக்கு ஜங்ஷனில் கொண்டுவந்து விட ஆள் இல்லாத பெண்ணுக்கு, புதுவயல் அரிசி ஆலை லாரிகள் மட்டும் ஓடும் அந்தச் சாலையில் தனியாக வருவது பெருங்களத்தூரைவிட மோசம். அவளுக்கு நான் இரவு ரயிலைத்தான் சொல்வேன், மேல்படுக்கை கேட்டு.

இன்னொரு குறை, பல்லவன் ஒரு பகலைத் தின்றுவிடும். காலை பத்து மணிக்கு நேர்காணல் என்றால் முந்தின நாளே போய் ஓர் இரவு தங்கவேண்டும். உறவினர் வீடு இருந்தால் செலவில்லை. விடுதி என்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்கவேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நான் கேட்ட இரண்டு இடங்களில் ஓரிடத்தில் உடனே காட்டினார்கள். இன்னோரிடத்தில், "ஏன், நம்பிக்கை இல்லையா?" என்றார்கள். அங்கே தங்கவில்லை. அந்த ஓர் இரவுச் செலவைப் பாதுகாப்பின் விலை என்றுதான் நான் கணக்கெழுதுகிறேன். எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும்.

காவல்துறையின் காவல் உதவி செயலி செல்போனில் இருக்கிறது, 112, 181 என்ற உதவி எண்கள் இரண்டும் மனப்பாடம். அழுத்திப் பார்க்கும் தேவை இதுவரை வரவில்லை, ஆகவே எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. திருச்சி போய் விமானம் ஏறுவதைப் பற்றியும் கேட்காதீர்கள், நான் போனதில்லை.

அடுத்த மாதம் அத்தை மகள் முதல் முறையாகத் தனியாகப் போகிறாள். 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் நாலு நாள் தள்ளித்தான் எடுத்தாள். பல்லவனில் இடம் கிடைத்துவிட்டது, ஆனால் நடு இருக்கை. ஜன்னல் இல்லையே என்று இப்போது என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.