கூப்பரா, பீப்பா? வேலைக்காக ஓடிப் பழகுபவர்களுக்கு

பொலிஸ், தீயணைப்பு போன்ற வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பின்னேரங்களில் எங்கள் கழக மைதானத்தில் ஓடிப் பழகுகிறார்கள். அவர்களின் மூச்சுத் தாங்குதிறனை அளக்க 12 நிமிடக் கூப்பர் ஓட்டமா, 20 மீற்றர் பீப் ரெஸ்டா (20 மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு கோடுகளுக்கிடையே பீப் ஒலிக்கேற்ப ஓடித் திரும்புவது) என்று பேச்சு வந்தபோது நான் பீப்புக்குத்தான் நின்றேன்.

கூப்பர் எளிது. கென்னத் கூப்பர் 1968இல் அமெரிக்க விமானப்படையினரை ஓடவிட்டு வெளியிட்ட முறை. 12 நிமிடத்தில் ஓடிய மீற்றரில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் உச்ச ஒட்சிசன் அளவு, அதாவது உடம்பின் ஒரு கிலோவுக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனை அதிகபட்சம் பயன்படுத்த முடியும் என்பது, கிடைக்கும். 2400 மீற்றர் ஓடியவருக்கு 42 சொச்சம். மணிக்கூடும் அளந்த சுற்றும் போதும்.

ஆனால் வேகத்தை யார் தீர்மானிப்பது? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. 2400 மீற்றருக்கு 400 மீற்றர் சுற்றொன்றை இரண்டு நிமிடத்தில் ஓடினால் சரி. ஓடிப் பழகாத பிள்ளை பக்கத்தில் ஓடுபவனைப் பார்த்து ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். மூன்றாம் சுற்றில் இடுப்பில் கைவைத்து நடக்கும். நெஞ்சில் பலம் இருந்தும் தாளில் குறைந்த தூரம்தான் விழும். ஒரு வேலையே அதில் தங்கியிருக்கும்போது அது நியாயமில்லை.

மொன்றியலில் லூக் லெஜே குழுவினர் 1982இல் முதலில் வெளியிட்டு, பின்னர் ஒரு நிமிடப் படிகளாக மாற்றிய பீப் ரெஸ்டில் வேகத்தை ஒலியே சொல்லித்தருகிறது. மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடக்கம். அதாவது 20 மீற்றருக்கு எட்டரை விநாடி. அப்புறம் நிமிடத்துக்கு 0.5 கூடும். முந்திப் போனாலும் கோட்டில் நின்று அடுத்த பீப்புக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மூச்சு முடியுமிடத்தில்தான் ஓட்டமும் முடிகிறது.

குறையும் உண்டு. மணல் தரையில் திரும்பும்போது சப்பாத்து வழுக்கும். சோளகக் காற்றில் ஸ்பீக்கர் சத்தம் மறுகோட்டுக்குச் சரியாகக் கேட்காது. நாடாவில் ஒரு மீற்றர் பிசகினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்து வீதம் பிழை. உடம்பு பெருத்தவர்களுக்குத் திரும்பல்கள் முழங்காலைப் படுத்துமோ என்ற யோசனையும் இருக்கிறது. அப்படியானவர்கள் எங்களிடம் அதிகம் வந்ததில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

பீப் போலவே யோயோ ரெஸ்ட் என்றும் ஒன்று உண்டு. அதில் பரவலானது நடுவில் ஓய்வு விட்டு ஓடும் வகை, விளையாட்டு வீரர்களுக்கானது. அதை விட்டுவிடலாம்.

விண்ணப்பத்தில் 2.4 கிலோமீற்றர் ஓட்டம் கேட்டிருந்தால் கடைசி வாரங்களில் அதைத்தான் ஓட வேண்டும். பீப் என்றாலும் கோட்டின் தூரத்தைப் பாருங்கள்: இங்கிலாந்துப் பொலிஸ் கேட்பது 15 மீற்றர் ஓட்டத்தில் 5.4 நிலை, அதாவது ஐந்தாம் நிலையின் நான்காம் ஓட்டம். 20 மீற்றரில் மட்டும் பழகிப் போனால் அங்கே திரும்பல்கள் அடிக்கடி வரும்.