கடைசி நேரத்தில் கழுத்தறுக்கும் ஃப்ளூரோகார்பன்

டாலஸ் பக்கம் புதிதாகத் தூண்டில் பிடித்திருக்கும் நண்பர் ஒருவர், விலை குறைந்திருக்கும் ஃப்ளூரோகார்பன் தூண்டில் நரம்பு ஸ்பூல் ஒன்றின் படத்தை அனுப்பி, “வாங்கலாமா அண்ணா? 12 பவுண்டா, 15 பவுண்டா?” என்று கேட்டார் (நரம்பு எத்தனை பவுண்டு இழுப்பைத் தாங்கும் என்ற கணக்கு அது). கேட்ட நேரம் சரியில்லை. முந்தின சனிக்கிழமைதான் அதே வகை நரம்பு டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் என் காலை வாரியிருந்தது. அதனால் பதிலில் கொஞ்சம் கடுப்பு கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

மீன் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலான் தங்கூஸுக்கு 1.53 வாக்கில். தண்ணீரின் எண்ணுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு கண்ணில் படாது. ஆக, நைலானைவிடக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். மழைக்குப் பின் கலங்கிய ஃபோர்க் தண்ணீரில், பட்டுப்போன மரங்களின் அடியில் பதுங்கியிருக்கும் பாஸ் மீனுக்கு நரம்பு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? நான் காசு கொடுத்தது அதற்கில்லை.

அதன் கனத்துக்கும் கெட்டித்தன்மைக்கும் கொடுத்தேன். தண்ணீரின் அடர்த்தி 1, நைலானுக்கு 1.14 என்றால் இதற்கு 1.78. வேகமாக மூழ்கும். ஜிக் என்னும் கனத்தலைக் கொக்கியையோ ரப்பர் புழுவையோ தரையோடு இழுத்து வரும்போது நரம்பு மேலே மிதக்காமல் கூடவே இறங்கிக் கிடக்கும். கொஞ்சம் தொய்வாக விட்டிருந்தால்கூட அடியில் நடப்பது ஆள்காட்டி விரலுக்கு வந்துவிடும். சேறு என்றால் மொத்தையாக இழுக்கும். சரளை என்றால் கரகரக்கும். கிளையில் ஏறும்போது ஒரு பிடிப்பு, தாண்டியதும் ஒரு விழுகை. மீன் வாங்கும்போது ‘டக்’ என்று ஒன்றே ஒன்று. சில நேரம் அதுகூட இருக்காது. கையில் இருந்த கனம் திடீரென்று காணாமல் போகும், நரம்பு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகரும். உறிஞ்சி உள்ளே இழுக்கும் பெரிய பாஸ்கள் பல இப்படித்தான். நைலானில் இது விரலுக்கு வந்தே சேராது. இந்த ஒரு விஷயத்துக்காக இத்தனை நாள் இதைப் பொறுத்துக்கொண்டேன்.

சரி, இப்போது புகாருக்கு வருவோம்.

அந்தச் சனிக்கிழமை நல்ல கனமான மீன். கொக்கி பதிய ராடை ஓங்கி அடித்தேன், பாதி வளைந்த ராடு விருட்டென்று நிமிர்ந்தது. நுனியை எடுத்துப் பார்த்தேன். முடிச்சு நழுவியிருந்தால் நுனி சுருண்டு வரும். இது நேராக, வெட்டினாற்போல் அறுந்திருந்தது. அங்கிருந்து நகத்தால் வருடிக்கொண்டே போனால் ஒரு முழத்துக்குள் இன்னொரு இடத்தில் நகம் தட்டியது, வெள்ளையாகப் பூத்த ஒரு புள்ளி. காலையில் பெயிட்காஸ்டரில் (வீசும்போது ஸ்பூலே சுழலும் ரீல்) சிக்கு விழுந்து நான் பிரித்த இடம் அதுதான். இந்த நரம்பில் சிக்கு விழுந்து ஒரு மடிப்பு ஏறிவிட்டால் அங்கே பலம் போய்விட்டது என்று அர்த்தம். வெளியே பார்க்கப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சாதாரணமாக இழுத்துப் பார்த்தால் தாங்கும். ஓங்கி அடிக்கும்போது மட்டும் போய்விடும். நைலானாக இருந்தால் இப்படி ஒரு மடிப்பைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

முடிச்சும் அப்படித்தான். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் குறைந்துவிடும். எச்சில் தொட்டு, மெதுவாக, பாலோமர் முடிச்சுதான் போட வேண்டும். இது நீளாது என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். நன்றாகவே நீளும். மரத்தில் மாட்டியதைப் பிடித்து இழுத்தால் நீண்ட பகுதி பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது, நாலைந்து அடி வெட்டி எறியத்தான் வேண்டும். ஃபோர்க் 1980இல் காட்டோடு மூழ்கடித்த ஏரி, எங்கே வீசினாலும் மரம்தான். 200 கெஜம் ஸ்பூல் எவ்வளவு நாள் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல சரக்கு 20 டாலருக்குக் குறையாது, 30ஐத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு செலவு செய்து வீட்டுக்கு மீனும் வராது. அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம், என் மனைவிக்கு இதை இன்னும் புரியவைக்க முடியவில்லை.

நண்பரின் கேள்விக்கு: 12 பவுண்டு. அடர்ந்த மரத்துக்குள் ஜிக் போடுவதாக இருந்தால் மட்டும் 15. அட்டையில் 100 சதவீதம் ஃப்ளூரோகார்பன் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், மேலே பூச்சு மட்டும் கொடுத்த நைலானையும் இதே அலமாரியில் வைத்திருப்பார்கள். ரீல் முழுக்க ஏற்ற வேண்டாம். அடியில் பாதிக்கு மலிவு நைலான் சுற்றி, மேலே 100 கெஜம் போதும். பாப்பர் மாதிரி மேல்தண்ணீரில் மிதக்கும் லூருக்கு (போலி இரைக்கு) இது கூடவே கூடாது, மூழ்கும் நரம்பு அதன் மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஸ்பின்னிங் ரீலுக்கும் (வீசும்போது ஸ்பூல் சுழலாத ரீல்) வேண்டாம். பிப்ரவரிக் குளிரில் ஸ்பூலிலிருந்து சுருள் சுருளாகத் துள்ளி விழும். நரம்பை இளக்க மேலே அடிக்கும் ஸ்பிரே மதியம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அந்த ரீலில் பிரெய்டு (பின்னல் நரம்பு) ஏற்றி, நுனியில் பத்தடிக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பனை லீடராக முடிந்துகொள்ளுங்கள். மடிந்தால் வெட்டிவிட்டு வேறு முடிந்துகொள்ளலாம், மனசும் வலிக்காது.

அந்தக் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மடிப்புத் தொல்லையை நான் பயன்படுத்திய மற்ற கம்பெனி நரம்புகளிலும் பார்த்துவிட்டேன், விலை கூடினால் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவே. கைக்குச் சேதி சொல்வதில் நைலான் இதற்குப் பக்கத்தில் வராது என்று மேலே எழுதினேன், அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனாலும் இன்றைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. மிச்ச ஸ்பூலை லீடருக்கு வெட்டிக்கொள்வேன், இந்த வசந்தம் முடியும்வரை ஜிக் ராடில் நைலான்தான் ஓடும்.