2,14,74,83,647 எதிர் 4,29,49,67,297

இரண்டின் 31-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் முதல் எண்ணும், 32-ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் இரண்டாவது எண்ணும் கிடைக்கின்றன. இவ்விரு எண்களும் பகா எண்களா என்ற கேள்வியைத் தீர்த்து வைத்தவர் கணிதவியலாளர் ஆய்லர்தான். ஆனால் விடைகள் நேர்மாறானவை.

முதலாவது பகா எண். 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி தரும் பகா எண்களே அதன் காரணிகளாக இருக்க முடியும் என்பதால், 46,340 வரை அத்தகையவற்றை மட்டும் சோதித்தால் போதும். அந்த முடிவு 1772 வாக்கில் கிடைத்தது. இதை இரண்டின் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால், தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் ஒன்று பிறக்கிறது. கணினி நிரல் எழுதுவோருக்கோ இது, குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பாகவே பழக்கம்.

இரண்டாவது, இரண்டின் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய பகா எண்களைத் தொடர்ந்து வருவது; எனவே இதுவும் பகா எண்ணாகவே இருக்கும் என்று கணிதவியலாளர் ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 67,00,417 எனப் பிரித்தார். இதன் காரணிகளாக இருக்கக்கூடியவை 64-ஆல் வகுக்க 1 மீதி தரும் பகா எண்களே; அவற்றில் 193, 257, 449, 577 ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவதாக நிற்பதே 641. சரிபார்ப்பது அதைவிட எளிது: 641 என்பது 5 × 128 + 1 ஆகவும், 625 + 16 ஆகவும் அமைவதே போதுமானது; முதலாவதன்படி 5 × 128-இன் நான்காம் அடுக்கை, அதாவது 625 × 2²⁸-ஐ, 641-ஆல் வகுக்க மீதி 1, இரண்டாவதன்படி அதில் 625-க்குப் பதில் −16 இடலாம் என்பதால், 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. அழகில் என் தேர்வு, தோற்றுப்போன இந்த எண்தான்.