வடிகட்டி நீக்கிய கேமரா என்று சொல்லி விற்றார்கள்: வானத்தைப் படமெடுப்போர் கவனத்திற்கு

வானத்தைப் படமெடுப்பதற்காக உட்புற வடிகட்டி நீக்கப்பட்டது என்று சொல்லி, பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை ஒரு கடையில் 46,000 ரூபாய்க்கு எனக்கு விற்றார்கள். வடிகட்டி நீக்கப்படவே இல்லை என்பது வாலிநோக்கம் கடற்கரையில் ஓர் இரவு முழுவதும் விழித்த பிறகே தெரிந்தது.

தனுசு விண்மீன் மண்டலத்தில் உள்ள லகூன் நெபுலா என்ற வாயு மேகத்தில், இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர்களால் அயனியாகும் ஹைட்ரஜன், எலக்ட்ரானை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்போது 656.3 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பொளியை உமிழ்கிறது. நிறங்கள் கண்ணுக்குத் தெரிவதுபோலவே பதிய வேண்டும் என்பதற்காகச் சாதாரணக் கேமராவில் வைக்கப்படும் வடிகட்டி, அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதை நீக்கிய கேமரா என்பதற்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தேன்.

சித்திரை அமாவாசையை ஒட்டிய இரவு அது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் வெளிச்சமின்றித் தெற்கு அடிவானம் நன்றாக இருண்டிருந்தது. துருவ நட்சத்திரம் இங்கே ஒன்பது பாகை உயரத்தில்தான் நிற்கும் என்பதால், பனைகளுக்கு இடையே அது தெரியும் இடத்தைத் தேடி வானின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கரை அதற்கு நேராக நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆயிற்று. உப்புக்காற்றில் லென்ஸ் பூத்துப்போக, அதைத் துடைத்துத் துடைத்து, நெபுலா உச்சிக்கு வந்த மூன்றரை மணியை ஒட்டி 90 நொடி வீதம் 40 படங்கள் எடுத்தேன். வீட்டில் அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிப் பார்த்தபோது விண்மீன்கள் ஊசிமுனைபோல் கூர்மையாக இருந்தன. நெபுலா மட்டும் துவைத்த வேட்டியில் தங்கிய வெற்றிலைக் கறைபோல் வெளிறிக் கிடந்தது.

கடையில் எடுத்துக் காட்டிய படங்கள் செக்கச்செவேலென்று இருந்தனவே என்று மெனுவைத் துழாவினேன். படத்தின் நிறச்சாயலை மாற்றும் வெண்சமநிலைத் (white balance) திருத்தத்தை மெஜந்தா என்னும் கருஞ்சிவப்புப் பக்கம் கடைசிவரை தள்ளி வைத்திருந்தார்கள். அதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்ததும் மணல் மணல் நிறமாகவே பதிந்தது. இந்த ஒன்றைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. தெரியாமல் செய்த பிழை என்று இதைச் சொல்லவே முடியாது.

ஆகவே, வாங்குமுன் எல்லா அமைப்புகளையும் உங்கள் கையாலேயே தொடக்க நிலைக்குத் திருப்பி, வெண்சமநிலையைப் பகல்வெளிச்சத்தில் வைத்து, வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். வடிகட்டி நீக்கியதென்றால் சுவர் சிவந்து பதியும். படத்தைப் பதியும் சில்லான உணரியைத் துடைப்பதற்கான அமைப்பில், அதன் முன்னிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை உயர்த்திப் பார்க்கும்போது உணரியின்மேல் நீலப்பச்சைச் சாயல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். டிவி ரிமோட்டின் ஒளியைப் பார்த்து முடிவுசெய்யும் வழக்கம் போதாது. அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் வேறு கண்ணாடியைப் பொருத்திய நல்ல கேமராவிலும் அந்த ஒளி சரியாகத் தெரியாது.

என் ரசீதில் "பழைய கேமரா" என்று மட்டுமே எழுதியிருந்ததால், வாயால் சொன்னதற்குப் பொறுப்பில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். ஆனால் "ஃபில்டர் எடுத்தாச்சு சார்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. கேமராவைத் திறந்து பார்த்த பழுதுநீக்குநர், ஆலையில் பொருத்திய வடிகட்டி அப்படியே இருப்பதாக எழுதிக் கொடுத்த சீட்டும் இருக்கிறது. இரண்டையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.