முடக்கத்தான்: கட்டு, பொடி, தோசை மிக்ஸ், தைலம்

வேலியில் சும்மா படர்ந்து கிடக்கிற கொடி. அதையே இப்போது உழவர் சந்தையில் கட்டாகவும், நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவும், சூப்பர் மார்க்கெட்டில் தோசை மிக்ஸாகவும், மூட்டுவலித் தைலமாகவும் விற்கிறார்கள். பெயர் ஒன்றே தவிர நான்கும் ஒன்றல்ல. தோசைக்குப் பச்சை இலைதான். பொடி ரசத்துக்கு உதவும், அதுவும் பார்த்து வாங்கினால். தோசை மிக்ஸுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அரிசி மாவுக்குப் போகிறது.

முதலில் கட்டு. முடக்கத்தான் இலை மும்மூன்றாகப் பிரிந்து, ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். தொட்டால் மெல்லிசாக, கிட்டத்தட்ட காகிதம் போல. தண்டு வரிவரியாக இருக்கும். பூக்காம்பில் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பிகள். காய் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: மூன்று பட்டையாக ஊதிய பச்சைப் பை, நெற்றியில் வைத்துத் தட்டினால் ‘டப்’பென்று வெடிக்கும். உள்ளே மூன்று அறை, அறைக்கு ஒரு கறுப்பு விதை, விதையில் வெள்ளையாக ஓர் இதய வடிவம். தாவரவியல் பெயரான ‘கார்டியோஸ்பெர்மம்’ அதை வைத்து வந்ததுதான். கிரேக்கத்தில் கார்டியா என்றால் இதயம், ஸ்பெர்மா என்றால் விதை.

காய் நிறையத் தொங்கும் கட்டு அடையாளத்துக்கு நல்லது, சமையலுக்கு அல்ல. காய்த்த கொடியின் இலை முற்றியிருக்கும், கசப்பு தூக்கலாக இருக்கும். நுனி இளசாக, பூ அப்போதுதான் தலைகாட்டுகிற கட்டாகப் பொறுக்குங்கள். எடையில் பாதி தண்டுக்கே போய்விடும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும். பற்றுக்கம்பிகளைக் கிள்ளி எறிந்துவிடவும். மிக்ஸியில் அரைபடாமல் நூல் நூலாக நின்று தோசையில் நாக்கில் சிக்கும். முற்றிய இலையையும் தண்டையும் வீசாதீர்கள், அது ரசத்துக்கு.

தோசை அளவு: இட்லி அரிசி 2 டம்ளர், உளுந்து கால் டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி, ஆய்ந்த இலை அமுக்கி எடுத்த 2 கைப்பிடி. அரிசி, பருப்பு, வெந்தயத்தை 4 மணி நேரம் ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டுப் புளிக்க விடுங்கள். இலையைச் சேர்த்து அரைத்து ராத்திரி முழுக்க வைப்பது பலர் வீட்டு வழக்கம். காலையில் மாவு பாசிபிடித்த மாதிரி பழுப்பாக நிற்பதற்கு அதுதான் காரணம். புளிப்பு ஏற ஏற இலைப் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்றுவிடும், நிறம் செத்துவிடும். அதனால் காலையில் இலையைச் சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகு நாலைந்துடன் தனியே விழுதாக்கி, புளித்த மாவில் கலந்து உடனே ஊற்றுங்கள். கசப்பு பிடிக்காதவர்கள் இலையை ஒரு சொட்டு நல்லெண்ணெயில் சுருள வதக்கி அரைக்கலாம். வார்க்கும்போது கனமாக, ஊத்தப்பத்துக்கும் தோசைக்கும் நடுவில். மெல்லிசாக இழுத்தால் கல்லில் ஒட்டும், கிழியும். முறுகல் எதிர்பார்க்க வேண்டாம். இது பஞ்சு மாதிரி இருக்கிற தோசை, தொட்டுக்கொள்ளக் காரமான பூண்டுச் சட்னி.

இனி பொடி. கீரையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் ஒரு கிலோ பொடிக்கு ஆறேழு கிலோ பச்சை இலை வேண்டும். விலை மலிவாக இருந்தால் அந்தக் கணக்கு எங்கே சரிக்கட்டப்பட்டது என்று யோசிக்க வேண்டும்; பெரும்பாலும் தண்டில்தான். சோதிப்பது சுலபம். கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஒரு தேக்கரண்டி பொடியைப் போட்டு இரண்டு நிமிஷம் விடுங்கள். நிழலில் காய்ந்த புதுப் பொடி தண்ணீரைப் பாசிப்பச்சையாக்கும், அறுத்த புல்லின் வாசம் வரும். வெயிலில் போட்டுக் காயவைத்ததோ பழசோ டீத்தூள் மாதிரி பழுப்பிறங்கும், வைக்கோல் வாசம் வரும். மேலே நார் நாராக மிதந்தால் தண்டு. அடியில் மணல் தங்கினால் இலையை அலசாமலே காயப்போட்டிருக்கிறார்கள். அந்தக் கடைக்குத் திரும்பப் போகத் தேவையில்லை.

உலர்த்தும்போது வைட்டமின் சி பெருமளவு போய்விடும். நாரும் தாது உப்புகளும் நிற்கும். ஆகவே பொடியைச் ‘சத்து மாவு’ கணக்கில் நினைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகப் போட வேண்டியதில்லை. நாலு தோசைக்கான மாவில் ஒரு தேக்கரண்டி போதும். நேராக மாவில் கொட்டினால் தோசையில் நறநறக்கும். கொஞ்சம் வெந்நீரில் பத்து நிமிஷம் குழைத்து வைத்துவிட்டுக் கலக்குங்கள். நல்ல பொடி கிடைத்தாலும் 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் வெளிச்சம் படாமல் வைத்தால் மூன்று மாதம் மணம் நிற்கும், அதற்குப் பிறகு வெறும் பச்சைத் தூள்தான்.

ரசத்தில் பொடி தோற்பதில்லை. ஆனாலும் தண்டும் முற்றிய இலையும் ஒரு கைப்பிடி எடுத்து, 2 டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து வடித்து, அந்த நீரில் புளியைக் கரைத்து வைக்கும் ரசத்துக்கு ஈடில்லை. மிளகும் பூண்டும் வழக்கத்தைவிட ஒரு பங்கு கூட. கசப்பு தெரிந்தால் துளி வெல்லம்.

தோசை மிக்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். பெயரிலேயே ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால் அது எத்தனை விழுக்காடு என்றும் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அரிசி, உளுந்து, உப்புக்கெல்லாம் பின்னால் முடக்கத்தான் நின்றால் கதை முடிந்தது. 5 விழுக்காடு என்றே போட்டிருந்தாலும் 200 கிராம் பாக்கெட்டில் பொடி 10 கிராம்தான். அந்தப் பத்துக் கிராமைத் தனியாக வாங்கி வீட்டு மாவில் கலந்தால் என்ன செலவாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட் மாவு புளிப்பதும் இல்லை. சோடா உப்பை நம்பி எழும்புகிற மாவில் அந்தக் கீரையின் காட்டமும் புளிப்பும் சேரும் ருசி வராது. ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ள, அல்லது இலையே கிடைக்காத நாட்டில் இருப்பவர்களுக்கு, சரி.

தைலம் பற்றிச் சுருக்கமாக. ‘முடக்கு அறுத்தான்’தான் முடக்கத்தான் ஆனது என்பார்கள், சித்த வைத்தியத்தில் வாத நோய்களுக்கு இது நெடுநாளாக உண்டு. வீக்கத்தைக் குறைக்கிறது என்று விலங்குகளில் செய்த ஆய்வுகளும் இருக்கின்றன. அதற்காகப் பாட்டிலில் ‘7 நாளில் மூட்டுவலி போகும்’ என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். விளக்கெண்ணெயில் இலையை வதக்கி, கை பொறுக்கும் சூட்டில் துணியில் வைத்து முட்டியில் கட்டுவது வீட்டு வழக்கம். அதற்கு ஒரு கைப்பிடி இலையும் இரண்டு கரண்டி எண்ணெயும் போதும், பாட்டில் வேண்டாம். மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் கட்டுப் போடும் வேலையே வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

யார் ஒதுங்க வேண்டும் என்பதை எந்தப் பாக்கெட்டும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. இந்தக் கீரை வயிற்றை இளக்கும். முதல் தடவை இரண்டு தோசையோடு நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் சாறாகக் குடிப்பவர்களுக்குக் கழிச்சல் காண்பதில் ஆச்சரியமில்லை. பிரசவம் சுலபமாக இலையை அரைத்து அடிவயிற்றில் பூசுவது நாட்டு வைத்தியத்தில் உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பெரியவர்கள் இதைக் கொடுக்காததும் அதனால்தான்.

போரைப் பாடும் பழைய புறப்பாடல்களில் கோட்டையை முற்றுகையிடும் வீரர் சூடும் உழிஞை இந்தக் கொடிதான் என்பவர்கள் உண்டு. இல்லை, அது கொற்றான் என்கிற வேறு கொடி என்பவர்களும் உண்டு. மலையாளத்தில் இன்றும் இதற்கு உழிஞ என்றுதான் பேர். தசபுஷ்பம் என்கிற பத்துப் பூக்களில் ஒன்று, திருவாதிரை இரவில் கேரளப் பெண்கள் தலையில் சூடுவது. இலங்கையில் சிங்களவர் ‘வெல் பெனெல’ என்று சொல்லி இலைக் கஞ்சியில் போடுகிறார்கள். இவ்வளவு பெரிய வரலாறு உள்ள பூ, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே.

இடம் இருந்தால் கடையே வேண்டாம். காய்ந்த பையிலிருந்து விதையை எடுத்து, தோல் கெட்டியாக இருப்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். 12 அங்குலத் தொட்டியும் ஏற ஒரு கம்பியும் போதும். ஒரு முழம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும், கிள்ளாவிட்டால் ஒற்றைக் கொடியாக மொட்டை மாடிக் குழாய்வரை போய்ப் பூத்துவிடும். வாரம் ஒரு தடவை பறித்துக்கொண்டே இருங்கள். கடைசியில் நாலைந்து பையை மட்டும் கொடியிலேயே பழுப்பாகக் காயவிட்டு எடுத்து வையுங்கள், அடுத்த விதைப்புக்கு ஆகும்.